ஹாம் ரேடியோ பேச்சு புரிய: முதலில் காது, அப்புறம் வாய்

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்காக வானொலி அலைகளில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. அதற்குப் புதிதாக வருபவர்கள் பலர் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்கிப் பாதியிலேயே சலித்துவிடுகிறார்கள். அது வேண்டாம். ஒரு உரையாடலை முழுதாகக் கேளுங்கள். சொற்கள் வருகிற வரிசையிலேயே மனதில் தங்கும். ஒலிபரப்ப லைசென்ஸ் கட்டாயம். கேட்டுப் பழக, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் (இணையம் வழியாகக் கேட்கும் ரேடியோ ரிசீவர்) தளத்தை பிரவுசரில் திறந்தால் போதும்.

படி 1: பேண்டைத் தேர்ந்தெடுங்கள்.
பேண்ட் என்றால் ஹாம்கள் பேசும் அதிர்வெண் வரம்பு. 'நாற்பது மீட்டர்' பேண்டில் தொடங்குங்கள். அந்தப் பெயர் அலையின் நீளம். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 42 வரும், அதைத்தான் நாற்பது என்கிறோம். தளத்தில் மோடை (சிக்னலைப் பேச்சாக்கும் முறை) எல்.எஸ்.பி.க்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மனிதக் குரல் வாத்து கத்துவது போலக் கேட்கும்.

படி 2: 'சி.கியூ' வரும்வரை காத்திருங்கள்.
'கேட்பவர் யாரானாலும் பதில் சொல்லுங்கள்' என்ற பொது அழைப்பு அது. 'சி.கியூ டி.எக்ஸ்' என்றால் தூர நாட்டவருக்கு மட்டும்.

படி 3: கால் சைனை எழுதிக்கொள்ளுங்கள்.
நிலையத்தின் பெயர் அதுதான். முதல் எழுத்துகளே நாட்டைச் சொல்லிவிடும்: வி.யு. இந்தியா, 4எஸ் இலங்கை, 9வி சிங்கப்பூர். இந்தியாவில் வி.யு.2 ஜெனரல் கிரேடு லைசென்ஸ், வி.யு.3 ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ், வி.யு.4 அந்தமான்.

2004 டிசம்பரில் ஹாம் நிலையம் நடத்த அந்தமான் போயிருந்தவர் பாரதி பிரசாத். சுனாமி தாக்கியதும் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கடத்தினார். அவருடைய கால் சைன் வி.யு.4 ஆர்.பி.ஐ. அதை ரேடியோவில் எழுத்துக்கு ஒரு சொல்லாக இப்படிச் சொல்வார்கள்: 'விக்டர் யூனிஃபார்ம் ஃபோர் ரோமியோ பிராவோ இண்டியா'. ஏன் இவ்வளவு நீளம்? இரைச்சலில் பி, டி, வி எல்லாம் 'ஈ' என்று ஒரே மாதிரி தேய்ந்து கேட்கும். 'பிராவோ' என்றால் குழப்பமில்லை. உங்கள் பெயரையும் இப்படிச் சொல்லிப் பழகுங்கள். ரவி என்றால் ரோமியோ, ஆல்ஃபா, விக்டர், இண்டியா.

படி 4: 'ஃபைவ் நைன்' என்றால் என்ன?
எதிர்முனையில் இருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்று அவருக்கே சொல்லும் மதிப்பெண் இது. முதல் எண் பேச்சின் தெளிவு, 1 முதல் 5 வரை. அடுத்தது சிக்னலின் வலு, 1 முதல் 9 வரை. குரல் திக்கித்திணறிக் கேட்கிறவருக்கும் மரியாதைக்காக 59 கொடுக்கிற வழக்கம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். 'த்ரீ ஃபோர்' என்று உண்மையைச் சொன்னால்தான் அவர் தன் ஆன்டெனாவைச் சரிபார்ப்பார்.

படி 5: கியூ கோடுகள்.
மோர்ஸ் தந்திக் காலத்துச் சிக்கனம் இது. மூன்றெழுத்தில் ஒரு வாக்கியம். முதலில் இவை போதும்:
கியூ.டி.ஹெச்: இருக்கும் ஊர்.
கியூ.ஆர்.எம்: பிற நிலையங்களின் குறுக்கீடு.
கியூ.ஆர்.என்: இடி, மின்னலால் வரும் இரைச்சல்.
கியூ.எஸ்.பி: சிக்னல் ஏறி இறங்குவது.
கியூ.எஸ்.ஒய்: வேறு அதிர்வெண்ணுக்கு மாறுவது.
கியூ.ஆர்.இசட்: என்னை அழைப்பது யார்?

படி 6: விடைபெறுதல்.
'செவன்டி த்ரீ' என்றால் அன்பான வாழ்த்துகள். பிறகு கியூ.எஸ்.எல். அட்டை அனுப்புவார்கள், பேசியதற்கான சான்று அது. அதில் நேரத்தை யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) எழுத வேண்டும், அதாவது நம் நேரத்தில் ஐந்தரை மணி கழிக்க வேண்டும். இரவு 9.30 என்றால் 16.00. விடியற்காலை 4 மணிக்குப் பேசியிருந்தால் 22.30, தேதியும் முந்தைய நாளுடையதாக இருக்க வேண்டும்.