கொரோனாவுக்குப் பிறகு முதியவர்களின் உடலைத் தேற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் எத்தனையோ தமிழ் வீடுகளில் கொரோனா காலத்தில் கேட்ட வசனம் இது: "அப்பா, நீங்க அசையவே வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்." பாசம்தான். ஆனால் ஆரோக்கியமாக இருந்த முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் (2007), கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. காய்ச்சலும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டாக்டர் சரி என்றதும் படுத்தபடியே கணுக்காலை ஆட்டச் சொல்லுங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். காபியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் அவரைச் சமையலறைக்கு வரவழைப்பதும் பயிற்சிதான்.

நேர்மாறாக, முதல் வாரமே பழைய வாக்கிங்குக்குக் கிளம்பி, மறுநாள் முழுக்கச் சுருண்டு படுப்பவர்களும் உண்டு. நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அந்த அளவு போதும். ஆக்சிமீட்டரை (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி) உட்கார்ந்திருக்கும்போது மட்டும் மாட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நடந்து முடித்ததும் பாருங்கள். உட்கார்ந்திருந்தபோது காட்டியதைவிட நான்கு புள்ளி இறங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்க்காமல் வாக்கர் (பிடித்துக்கொண்டு நடக்கும் சட்டம்) வாங்குவது இன்னொரு வீண் செலவு. தாராவியில் பல வீடுகளில் மாடி அறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணி, பொதுக் கழிப்பறை சந்து முனையில். வாக்கர் அந்தச் சந்தில் நுழையவே நுழையாது. எத்தனை படி, குத்தவைக்கும் கழிப்பறையா என்று பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சி சிகிச்சை தருபவர்) கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். வாக்கர்தான் வேண்டும் என்றால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

வீடியோ அழைப்பில் செய்யும் பயிற்சியில் முகம் மட்டும் தெரிந்தால் பிரயோஜனமில்லை, பாதம் வரை தெரிய வேண்டும். அப்புறம், பிசியோதெரபிஸ்ட் இந்தியில் சொன்னதற்கெல்லாம் பாட்டி தலையாட்டினால் புரிந்துவிட்டதாக அர்த்தமில்லை. தமிழில் சொல்லி, செய்து காட்டச் சொல்லுங்கள்.

2020 லாக்டவுனில் பக்கவாதத்துக்கான பயிற்சி நின்றுபோய், "இனிமே என்ன பண்ணி என்ன" என்று விட்டவர்கள் ஏராளம். தாமதமானாலும் தொடங்கலாம். மும்பை ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் 1955 முதல் இதற்கென்றே இருக்கிறது. வென்டிலேட்டரில் இருந்து வந்தவருக்குத் தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். விழுங்குவதற்கும் பயிற்சி உண்டு.