வார இறுதியில் ரெட்வுட் காடு: ஒரே இடத்தில் கூடாரமடித்துப் பார்ப்பது எப்படி

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள், கலிபோர்னியாவின் வடகோடியில் உள்ள ரெட்வுட் தேசியப் பூங்கா வரை போக ஆசைப்படாமல், வழியிலேயே இருக்கும் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவோடு நின்றுகொள்வது நல்லது. உலகின் மிக உயரமான மரமான ஹைப்பீரியன் என்னும் ரெட்வுட் தேசியப் பூங்காவில்தான் நிற்கிறது என்றாலும், அதைச் சுற்றியுள்ள பகுதிக்குள் நுழைய 2022 முதல் தடை இருப்பதால், அதை எண்ணி மேலும் வடக்கே வண்டி ஓட்டுவதில் பயனில்லை. ஹம்போல்ட்டிலோ, கோடரி படாத கடலோர ரெட்வுட் மரங்கள் தொடர்ச்சியாக எஞ்சி நிற்கும் பரப்புகளிலேயே மிகப் பெரியதான ராக்கஃபெல்லர் காடு, ஏறத்தாழ 10,000 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது.

கூடாரமடிக்கும் இடத்தை மாநிலப் பூங்காக்களின் முன்பதிவுத் தளத்தில் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு செய்யலாம். கோடை வார இறுதிகள் விரைவில் நிரம்பிவிடும். பர்லிங்டன் திடல் பார்வையாளர் மையத்தை ஒட்டியே இருப்பதால் குழந்தைகளோடு வருவோருக்கு வசதி, ஆனால் சாலைச் சத்தம் கேட்கும். ஹிடன் ஸ்பிரிங்ஸ் சரிவில் மரங்களுக்கிடையே அமைந்திருப்பதால் தனிமை கிடைக்கும். நடப்பதே முதல் நோக்கம் என்றால், ராக்கஃபெல்லர் காட்டுக்கு அருகிலுள்ள ஆல்பீ கிரீக்கைத்தான் நான் பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு இரவும் அங்கேயே தங்குங்கள். சனிக்கிழமை கூடாரத்தைப் பிரித்து வேறிடத்தில் மறுபடி கட்டினால் அரை நாள் அதிலேயே போய்விடும்.

தொலைவு ஏறத்தாழ 370 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். 101 நெடுஞ்சாலையில் சாண்டா ரோசா வரை வெள்ளி மாலை நெரிசல் கடுமையாக இருக்குமாதலால், நண்பகலிலேயே கிளம்பிவிட்டால் வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்துவிடலாம். கார்பர்வில்லில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வதும் அவசியம். பிலிப்ஸ்வில் அருகே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள ‘அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ்’ என்னும் பழைய சாலை தொடங்கும்.

கோடையில் வெட்டவெளியில் வெயில் சுட்டாலும் மரங்களுக்கடியில் குளிர்ச்சியாகவே இருக்கும். இரவில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கனமான ஸ்லீப்பிங் பேக், தரையில் விரிக்கத் தார்ப்பாய், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை கட்டாயம் வேண்டும். விறகை வீட்டிலிருந்து ஏற்றி வராதீர்கள். அதனோடு பூச்சியும் நோயும் காட்டுக்குள் வந்துவிடும் என்பதால் அங்கேயே வாங்குவதுதான் முறை.

கருங்கரடிகள் நடமாடும் காடு இது. பற்பசை, சோப்பு உட்பட மணமுள்ள எதுவும் கூடாரத்திலோ காரிலோ இருக்கக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கரடியைவிடப் பலர் கவனிக்கத் தவறுவது சிந்திய சோற்றுப் பருக்கையைத்தான். மார்பிள்ட் மர்ரலெட் என்ற அருகிவரும் கடற்பறவை, இந்த முதிய மரங்களின் உயரக் கிளைகளில் ஒரே ஒரு முட்டை இடுகிறது. நாம் சிந்துவதைத் தின்னக் கூடும் காக்கைகளும் ஜே பறவைகளும் அந்த முட்டையையும் விட்டுவைப்பதில்லை. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்ட பிறகு, மேசையையும் கீழே மண்ணையும் பார்த்துப் பொறுக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை கூட்டம் சேருமுன் ஃபவுண்டர்ஸ் குரோவ் என்னும் தோப்புக்குச் செல்லுங்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வட்டப் பாதைதான். 1991 மார்ச்சில் சாய்ந்த டயர்வில் ஜயண்ட் என்னும் மாபெரும் ரெட்வுட் மரம் அங்கே கிடக்கிறது. அதன் பெயர்ந்த வேர்ப்பகுதி ஆளுயரத்துக்கு வெகு மேலே எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே அடிமரத்தையொட்டி நுனியை நோக்கி நடந்தால்தான், நின்ற மரத்தை அண்ணாந்து பார்க்கையில் பிடிபடாத உயரம் பிடிபடும். நூறு மீட்டருக்கு வளரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. மேலாகப் படரும் வேர்கள்தாம் தாங்குகின்றன. படத்துக்காகப் பாதையை விட்டு இறங்கி அடிமரத்தைச் சுற்றி மிதித்தால் மண் இறுகி அவ்வேர்களுக்குத் தீங்காகும்.

பிறகு மட்டோல் சாலை வழியாக ராக்கஃபெல்லர் காட்டுக்குப் போகலாம். சாலை மிகக் குறுகலானது. சில இடங்களில் அடிமரம் சாலையை ஒட்டியே நிற்பதால் பெரிய வேன்களில் வருவோர் நிதானமாக ஓட்ட வேண்டும். புல் கிரீக் ஓடையோரப் பாதை பெரும்பாலும் சமதளம். ஆனால் ஓடையைக் கடக்கும் நடைபாலங்கள் கோடையில் மட்டுமே போடப்படுவதால், மற்ற காலங்களில் போன வழியே திரும்பும்படி திட்டமிடுங்கள். மும்மூன்று இலைகளாகத் தளிர்க்கும் பாய்சன் ஓக் செடி தோலில் பட்டால் கடும் அரிப்பு உண்டாகும் என்பதால், முழுக்கால் சட்டை அணிவது நல்லது. பலத்த காற்று வீசும் நாளில் மேலிருந்து முறிந்து விழும் கிளையே பெரிய ஆபத்து. அன்று காட்டுக்குள் போகாதீர்கள்.

ஞாயிறு காலையில் ஈல் ஆற்றங்கரையில் சற்று நேரம் செலவிடலாம். கோடையின் பிற்பகுதியில் நீர் குறைந்து நச்சுப்பாசி படர்வதுண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தால் குழந்தைகளையும் நாய்களையும் நீரில் இறக்க வேண்டாம். கிளம்புமுன் அடுப்புக் குழியில் நீரூற்றிக் கிளறி, சாம்பல் மீது கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். நண்பகலுக்குள் இடத்தைக் காலிசெய்துவிட்டால், தெற்கு நோக்கிய ஞாயிறு மாலை நெரிசலுக்கு முன்பே சாண்டா ரோசாவைத் தாண்டிவிடலாம்.