காத்திருக்கும் நேரத்தில் வரையலாம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

தினமும் வரைய வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் முதல் வேலையாக நேரம் ஒதுக்குகிறார்கள். காலை ஆறு மணி, அரை மணி நேரம், அதற்கென்று ஒரு மேசை. ஒரு வாரம் நன்றாக ஓடும். அப்புறம் ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அலுவலகத்தில் ஆடிட் வரும். நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.

வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு வரைய நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: புதிதாக நேரம் தேடாதீர்கள், எப்படியும் காத்திருக்கப்போகிற நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில் வரும்வரை, டியூஷன் வாசலில், ரேஷன் கடை வரிசையில், டாக்டர் கூப்பிடும்வரை, ஹோட்டலில் தோசை வரும்வரை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஒவ்வொரு நாளும் இது கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நோட்டு கையில் இருக்க வேண்டும், எதை வரைவது என்ற யோசனையில் அது கரைந்துவிடக் கூடாது. கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

1. நோட்டை நீங்களே தையுங்கள்

விலை உயர்ந்த ஸ்கெட்ச் புக்கில் முதல் பக்கத்தைக் கெடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் தொடக்கத்தில் அது வேண்டாம்.

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாள் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் கணக்கில் 75 அல்லது 80 போதும். 100 கிடைத்தால் இன்னும் நல்லது, பின்பக்கம் கோடு தெரியாது. எட்டையும் ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் ஏ5 அளவில் 32 பக்கம் வரும். மேலே பழைய மாதக் காலண்டரின் கனமான தாளை அட்டையாக வையுங்கள்.

மடிப்பின்மேல் மூன்று துளைகள்: ஒன்று நடுவில், மற்ற இரண்டும் மேலும் கீழும் ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி. கோணி ஊசியால் குத்தலாம். தடித்த நூலை ஊசியில் கோத்து, வெளியிலிருந்து நடுத்துளை வழியாக உள்ளே விடுங்கள். உள்ளே வந்த நூலை மேல்துளை வழியாக வெளியே எடுங்கள். வெளிப்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டிக் கீழே கொண்டுபோய், கீழ்த்துளை வழியாக உள்ளே விடுங்கள். மறுபடி நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள். இப்போது இரண்டு முனைகளும் வெளியே இருக்கும். நீளமாக ஓடும் நூல் அவற்றுக்கு நடுவே வரும்படி வைத்து, இறுக்கி முடிச்சுப் போடுங்கள். கைப்பையிலும் ஸ்கூட்டர் டிக்கியிலும் இது தாராளமாகத் தாங்கும்.

2. ஒரே ஒரு பால்பாயிண்ட் பேனா

பென்சில் என்றால் சீவ வேண்டும், ரப்பர் தேட வேண்டும், அழித்து அழித்தே ஐந்து நிமிடமும் போய்விடும். பால்பாயிண்ட் பேனாவில் மெல்லத் தொட்டால் சாம்பல் நிறக் கோடு, அழுத்தினால் கருமை. ஜெல் பேனாவில் இந்த ஏற்ற இறக்கம் வராது. வெயில் படும் சுவரில் மாட்டினால் இந்த மை வெளிறும், மூடிய நோட்டுக்குள் அந்தப் பயம் இல்லை.

கோடு தவறினால் அழிக்க வேண்டாம். சரியான கோட்டை அதன் பக்கத்திலேயே போடுங்கள், இரண்டும் இருக்கட்டும். ஓவியர் கே. எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு கோடு எவ்வளவு துணிச்சலாக ஓடலாம் என்பது புரியும். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அதை ஒரு மணி நேரம் உற்றுப் பார்ப்பதையே நான் சிபாரிசு செய்வேன்.

3. முதல் பாடம்: காபி டம்ளர்

தொடங்கியவுடன் முகம் வரையப் போகாதீர்கள். முதல் சில நாட்களுக்கு ஒரே பொருள் போதும். காபி குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரை டபராவிலிருந்து எடுத்து, மேசையில் முன்னால் வையுங்கள்.

முதலில் அளவு. பேனா பிடித்த கையை முழங்கை மடங்காமல் முன்னால் நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பேனா நுனியை டம்ளரின் விளிம்போடு பொருத்தி, அடிப்பாகம் எங்கே வருகிறதோ அங்கே கட்டைவிரலை வையுங்கள். அதுதான் உயரம். கையை மடக்காமல் பேனாவை மட்டும் படுக்கவாட்டில் திருப்பினால், வாய் அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். தாளில் அந்த விகிதத்துக்கு நான்கு சின்னப் புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள், நடுவே செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு.

இப்போது வாய். டம்ளரின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்து பார்க்கும்போது கண்ணில் விழுவது நீள்வட்டம். டம்ளரை மெல்ல மேலே தூக்குங்கள். நீள்வட்டம் ஒடுங்கிக்கொண்டே வந்து, விளிம்பு சரியாகக் கண் மட்டத்துக்கு வரும்போது ஒற்றைக் கோடாகிவிடும். கீழே இறக்க இறக்க மறுபடி அகலும். இதிலிருந்தே அடுத்த விஷயமும் கிடைக்கிறது: டம்ளரின் அடிப்பாகம் கண்ணிலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அங்கே வளைவு வாயைவிட அதிகம். புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் அடியில் நேர்க்கோடு போட்டுவிடுகிறார்கள். மேசை தட்டைதானே என்று மூளை சொல்வதைக் கை கேட்டுவிடுகிறது. அந்த ஒரு கோட்டை வளைத்துப் பாருங்கள், டம்ளர் தாளிலிருந்து எழுந்து உட்காரும்.

நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் முனை கூடாது, வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையைச் சுற்றி, தாளைத் தொடாமல் காற்றில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே இறக்கினால் சரியாக வரும்.

இது கைவந்தபின் டபராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் குடம், வாளி, தூக்குச்சட்டி. வீட்டில் உருண்டையாக இருக்கும் எதுவும் இதே கணக்குத்தான்.

4. தாளைப் பார்க்காமல் கை வரைதல்

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள், எதிரே ஒன்றும் இல்லை. உங்கள் இடது கை இருக்கிறதே. அதைத் தொடைமேல் வைத்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், பேனாவையும் தாளிலிருந்து எடுக்காமல் வரையுங்கள். விரல் ஓரத்தில் எறும்பு ஒன்று நடந்துபோவதாக வைத்துக்கொண்டு, அதன் வேகத்திலேயே பேனாவை நகர்த்துங்கள். நகக்கண்ணில் ஏறி இறங்கி, மூட்டுச் சுருக்கத்தில் நுழைந்து வர வேண்டும். வண்டி குலுங்கினால் குலுங்கட்டும். படம் கோணலாகத்தான் வரும், அதைப் பற்றிக் கவலை இல்லை. கண்ணும் கையும் ஒரே வேகத்தில் போகப் பழகுவதுதான் இதன் பலன். உலகெங்கும் ஓவியப் பள்ளிகளில் இந்தப் பயிற்சி உண்டு.

5. மனிதர்கள்

நகர்ந்துகொண்டே இருப்பவரை எப்படி வரைவது? திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். டீக்கடை மாஸ்டர் மிகச் சிறந்த மாடல். ஆற்றும்போது ஒரு கை மேலே போகும், மற்றது கீழே இறங்கும், அதே நிலை சில நொடிகளில் திரும்ப வரும். ஒரே பக்கத்தில் இரண்டு உருவங்களைத் தொடங்குங்கள். ஒன்று ஆற்றும் நிலை, இன்னொன்று பாய்லர் பக்கம் குனிந்த நிலை. அவர் எந்த நிலைக்கு வருகிறாரோ அந்தப் படத்தில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போகலாம். முதலில் தோள்களின் சாய்வு, அடுத்து இடுப்பின் சாய்வு, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பது. முகம் கடைசியில், நேரம் இருந்தால்.

தூங்குகிறவர்கள், போன் பார்க்கிறவர்கள் இன்னும் சுலபம். யாராவது கவனித்துவிட்டால் சிரித்து நோட்டைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் நாற்காலிகளையும் செருப்புகளையும் வரையுங்கள், நோயாளிகளை விட்டுவிடுங்கள்.

போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் வரையலாமே என்று தோன்றும். வேண்டாம். நேரில் பார்க்கும்போது எதை விடுவது, எதை எடுப்பது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். போட்டோவில் எல்லாமே ஒரே கனத்தில் வந்து நிற்கும். ஆனந்த விகடனில் வரைந்த ஓவியர் சில்பி, கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். 2007இல் சியாட்டில் நகரில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ அமைப்பின் முதல் நிபந்தனையும் இதுதான்: அந்த இடத்திலேயே, கண்ணால் பார்த்து வரைய வேண்டும். தனியாகத் தெருவில் உட்கார்ந்து வரையக் கூச்சமாக இருந்தால், உங்கள் ஊரில் இப்படிச் சேர்ந்து வரையும் குழு இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேர் நோட்டோடு உட்கார்ந்தால் கூச்சம் தானாகப் போய்விடும்.

6. நிழல்

இருட்டின் அளவில் மூன்று தரம் போதும்: வெறும் தாள், சாய்கோடுகள், முழுக்கருப்பு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் எது எந்தத் தரம் என்று பிரிந்துவிடும்.

7. தேதியும் இடைவெளியும்

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், காத்திருந்த காரணம் மூன்றையும் ஓரத்தில் எழுதுங்கள். ‘கேஸ் சிலிண்டர் வரும்வரை’ என்று எழுதியிருந்தால் ஒரு வருடம் கழித்தும் அந்த மத்தியானம் ஞாபகத்துக்கு வரும்.

நாட்கள் விட்டுப்போகும். விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் ஐந்து படம் வரைய உட்காராதீர்கள், அந்தச் சோர்வில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். டம்ளரை எடுத்து ஒருமுறை வரைந்துவிட்டு, வழக்கம்போலத் தொடருங்கள். பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். இந்தத் தையலில் ஒரு பக்கத்தைக் கிழித்தால், மடிப்பின் மறுபக்கத்தில் உள்ள நல்ல படமும் கழன்று வந்துவிடும். நோட்டில் நான்கு பக்கம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த எட்டுத் தாளை மடித்துத் தைத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.