மாதக் கடைசியில் துண்டு விழாமல் இருக்க ஒரு வருடக் கணக்கு: செய்முறை

சிக்கனம் என்றதும் எல்லோரும் முதலில் கைவைப்பது தினசரிச் செலவில்தான். வெளியே சாப்பிடாதே, டாக்சி பிடிக்காதே என்று ஆரம்பித்துவிடுவோம். அதிலும் மிச்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவுகள்: இன்சூரன்ஸ் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ், ஒரு நீண்ட பயணம். இவை எதுவும் திடீரென்று வருவதில்லை, மாதம் முன்னாலேயே தெரியும். அப்படியும் அந்த மாதம் வந்ததும் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம். அதை அடைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது.

இந்தச் சுற்றை என் வீட்டில் நிறுத்தியது கீழே உள்ள முறை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். வங்கி ஸ்டேட்மென்ட்டை இறக்குவது எப்படி என்பதையெல்லாம் விளக்கப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

படி 1: போன 12 மாத ஸ்டேட்மென்ட்டை எடுங்கள்

மூன்று மாதம் போதாது. வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு அந்த மூன்று மாதத்தில் விழாமல் போனால் கணக்கிலேயே வராது. வீட்டில் இரண்டு பேர் செலவு செய்தால் இரண்டு பேருடைய கணக்கும், கார்டு ஸ்டேட்மென்ட்டும் வேண்டும்.

எல்லா வரியையும் வகை பிரிக்க உட்காராதீர்கள். அதில்தான் பலரும் களைத்துப்போய் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மாதா மாதம் வராத செலவை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன செலவு, எவ்வளவு, எந்த மாதம். வாடகை, மின்சாரம், மளிகை எதுவும் இந்தத் தாளில் வேண்டாம்.

செலவு வரும்போதெல்லாம் எஸ்எம்எஸ் படித்துத் தானே வகை பிரிக்கும் ஆப்கள் இருக்கின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை. உங்கள் எல்லா மெசேஜையும் படிக்க அனுமதி கேட்கும், நண்பருக்கு அனுப்பிய கைமாற்றை ஷாப்பிங் என்று போட்டுவைக்கும், முக்கியமாக முடிந்துபோன செலவைத்தான் காட்டும். நமக்கு வேண்டியது வரப்போகும் செலவு. ஒரு நோட்டும் பேனாவும், அல்லது எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஏதாவது ஒன்றும் போதும். வீட்டில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்றால் கூகுள் ஷீட்ஸ் வசதி.

படி 2: அடுத்து எப்போது வரும் என்று குறியுங்கள்

ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் அது இன்னும் எத்தனையாவது மாதத்தில் வரும் என்று போடுங்கள். இந்த மாதம் 1, அடுத்த மாதம் 2. போன வருடத் தொகையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், விலை அப்படியே நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுவது என்றால் இரண்டு வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் நான்கு வரி. ஒரே வரியில் மொத்தமாகப் போட்டால் அடுத்த படியில் கணக்கு பிசகும்.

படி 3: மாதம் எவ்வளவு ஒதுக்குவது?

பட்ஜெட் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிப்போகும் இடம் இது. வருட மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதா மாதம் ஒதுக்கு என்பார்கள். அப்படிச் செய்தும் நடுவில் ஏன் பணம் போதவில்லை என்பது எனக்கு நீண்ட நாள் பிடிபடவே இல்லை. ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தால் விளங்கும். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் 12,000, மூன்றாவது மாதம்.
பயணம் 9,000, ஐந்தாவது மாதம்.
பள்ளிக் கட்டணம் 24,000, எட்டாவது மாதம்.
வண்டிச் செலவு 6,000, பன்னிரண்டாவது மாதம்.

மொத்தம் 51,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,250. மாதத் தொடக்கத்தில் ஒதுக்கி, மாதக் கடைசியில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாதம் கையில் 12,750 இருக்கும், இன்சூரன்ஸ் கட்டினால் 750 மிச்சம். ஐந்தாவது மாதம் 9,250 இருக்கும், பயணம் போக 250 மிச்சம். எட்டாவது மாதம் சேர்ந்திருப்பது 13,000தான், கட்ட வேண்டியதோ 24,000. மாதம் தவறாமல் ஒதுக்கியும் 11,000 துண்டு விழுகிறது. பன்னிரண்டால் வகுப்பதில் குற்றமில்லை. அந்தக் கணக்கு, ஏற்கெனவே கொஞ்சம் சேர்த்து வைத்திருப்பவருக்குப் பொருந்தும். நாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து செய்வது ஒவ்வொரு செலவையும் அதற்கு மீதமிருக்கும் மாதங்களால் தனித்தனியாக வகுப்பது. இன்சூரன்ஸுக்கு 4,000, பயணத்துக்கு 1,800, பள்ளிக்கு 3,000, வண்டிக்கு 500. முதல் மாதமே 9,300! இதைப் பார்த்த உடனே நோட்டை மூடிவைத்துவிடத் தோன்றும். நல்லவேளையாக அவ்வளவு தேவையும் இல்லை. எட்டாவது மாதத்துக்கான பணத்தை முதல் மாதத்திலிருந்தே தனியாகப் பூட்டி வைக்க வேண்டிய அவசியம் இல்லையே. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு, எது முதலில் வருகிறதோ அதற்கு எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் எவ்வளவு? செலவுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு வரியிலும் அதுவரையிலான கூட்டுத்தொகையை எழுதி, அந்த மாத எண்ணால் வகுங்கள்.

மூன்றாவது மாதம் வரை 12,000. மூன்றால் வகுத்தால் 4,000.
ஐந்தாவது மாதம் வரை 21,000. ஐந்தால் வகுத்தால் 4,200.
எட்டாவது மாதம் வரை 45,000. எட்டால் வகுத்தால் 5,625.
பன்னிரண்டாவது மாதம் வரை 51,000. பன்னிரண்டால் வகுத்தால் 4,250.

இவற்றில் பெரியது எதுவோ, அதுதான் நீங்கள் ஒதுக்க வேண்டிய தொகை. இங்கே 5,625. எட்டு மாதம் அப்படி ஒதுக்கினால் பள்ளிக் கட்டணம் கட்டிய அன்று கணக்கு சரியாகப் பூஜ்யத்துக்கு வரும். அதன் பிறகு 4,250 போதும். வேண்டுமானால் அடுத்த வருடத்துக்கும் போட்டுப் பாருங்கள், எங்கேயும் குறையாது. முதல் எட்டு மாதம்தான் கொஞ்சம் இறுக்கம்.

5,625கூட முடியாது என்றால் எந்த வரியால் அந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள். இங்கே எட்டாவது மாதத்து வரி. அதுவரை வரும் ஏதாவது ஒன்றைக் குறைத்தாலோ தள்ளிப்போட்டாலோ எண் இறங்கும். பயணத்தைப் பத்தாவது மாதத்துக்குத் தள்ளினால் எட்டாவது மாதம் வரையிலான கூட்டுத்தொகை 36,000 ஆகி, மாதம் 4,500 ஆகிவிடுகிறது. பத்தாவது மாதம் வரை 45,000, பத்தால் வகுத்தாலும் அதே 4,500. பயணத்தை விடவே வேண்டாம், ஐந்து மாதம் கழித்துப் போனால் போதும்.

படி 4: பணத்தைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்

சம்பளம் வரும் கணக்கிலேயே வைத்தால் நிற்காது. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, டெபிட் கார்டு இல்லாமல். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதம் போடும் கணக்கு வேண்டாம், நம் கணக்கு அவ்வப்போது பூஜ்யத்துக்கு வருவதுதான் ஏற்பாடே. சம்பளம் வந்த மறுநாள் தானாகப் பணம் மாறும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கிறதா? அப்படியென்றால் அடுத்து வரும் ஒரே ஒரு செலவுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்சம் முழுவதையும் கார்டுக்குக் கட்டுங்கள். மாதம் 3 சதவீத வட்டி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். கூட்டு வட்டியில் அது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். எந்தச் சிக்கனமும் அதை ஈடுகட்டாது.

தவணைக் கடன் விளம்பரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ‘வருடம் 10 சதவீதம் ஃபிளாட்’ என்று சொல்லும் ஒரு வருடக் கடனில் நீங்கள் மாதா மாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி வரை முழு அசலுக்கும் போடப்படுகிறது. உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம். வட்டியில்லாத் தவணை என்றால், மொத்தமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்கும் உண்டா, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 5: மீதிப் பணத்தை வாரமாகப் பிரியுங்கள்

நிலையான செலவுகளும் வருடக் கணக்குக்கான தொகையும் போக மிஞ்சுவதை நான்கரையால் வகுத்து வாரம் இவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கால் வகுத்தால் மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் அந்தரத்தில் நிற்கும். அந்தத் தொகைக்குள் எதை வாங்கினாலும் கணக்கு எழுத வேண்டாம். எழுதச் சொன்னால் யாரும் நீடித்து எழுதுவதில்லை, நான் உட்பட.

படி 6: எதில் குறைப்பது?

வாழ்க்கைச் சுகத்தைக் குறைக்காமல் குறைக்கக்கூடியவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். சந்தாக்கள் முதலில். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. கூகுள் பிளேயிலும் ஆப்பிள் கணக்கிலும் அவற்றின் வழியாகப் போகும் சந்தாக்கள் ஒரே பட்டியலாக இருக்கும், அங்கே போய் ரத்து செய்ய வேண்டும்.

அப்புறம் மின்சாரம். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். ஒரு 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு சுமார் 110 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 16 யூனிட்தான். இது பலருக்கும் தெரியும். தெரியாதது, அணைத்த மாதிரி தெரிந்தாலும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சாதனங்கள். எப்போதும் 10 வாட் இழுக்கும் ஒரு பெட்டி வருடத்துக்கு சுமார் 88 யூனிட் சாப்பிடும். பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, வீட்டில் உள்ளதை எல்லாம் ஒரு நாள் அளந்துவிடுங்கள்.

கடையில் பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நம்பி எடுக்காதீர்கள், கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். பாக்கெட் அளவு அப்படியே இருக்க உள்ளே எடை குறைந்திருப்பதும் உண்டு.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த சிலர் கேட்டது: மாத வருமானம் நிலையாக இல்லை என்றால்? போன 12 மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தை உங்கள் சம்பளமாக வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள். அதற்கு மேல் வருவது முதலில் வருடக் கணக்குக்குப் போகட்டும். நல்ல மாதத்தில் இரண்டு மூன்று மாதத் தொகையைச் சேர்த்தே போட்டுவிடலாம்.

இன்னொருவர் ஃபிரிட்ஜ் கெட்டுப்போவது போன்ற தேதி தெரியாத செலவைப் பற்றிக் கேட்டிருந்தார். போன வருடம் இப்படிப் போன மொத்தத்தை ஒரே வரியாக எழுதி, ஆறாவது மாதத்தில் வைத்துவிடுங்கள். பன்னிரண்டில் வைத்தால் பணம் சேர்வதற்குள் சாதனம் கெட்டுவிடலாம், முதல் மாதத்தில் வைத்தால் ஒதுக்கும் தொகை தாங்காது. ஆறு மாதமும் எதுவும் கெடவில்லை என்றால் அந்தப் பணம் அப்படியே கிடக்கட்டும், அதைத் தொடாமல் மற்ற வரிகளுக்கு மட்டும் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.