ஜமாத்திலும் பங்கிலும் கோயிலிலும் பேசி முடித்ததைச் சட்டப்படி நிலைக்கச் செய்வது எப்படி?

கூத்தாநல்லூரிலோ அதிராம்பட்டினத்திலோ கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் அது முதலில் போய்ச் சேரும் இடம் பள்ளிவாசல் ஜமாத்; கிறித்தவக் குடும்பமென்றால் பங்குத்தந்தையின் அறை; திருவிழாவில் யாருக்குப் பரிவட்டம் என்ற தகராறென்றால் ஊர்ப் பெரியவர்களின் கூட்டம். விருப்பத்தோடு அங்கே போய்ப் பேசுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அங்கே கிடைப்பது சமரசமே அன்றித் தீர்ப்பு அல்ல. அந்தச் சமரசத்தை அரசு ஏற்கும் ஆவணமாக மாற்றிக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது.

ஃபத்வா என்ற மார்க்கக் கருத்துரைக்கும், தாருல் கஜா என்ற ஷரீஅத் (இஸ்லாமியச் சட்ட) மன்றத்தின் முடிவுக்கும் சட்ட வலு இல்லை என்றும், அவற்றை ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது. வழிபாட்டுத் தலங்களுக்குள் நீதிமன்றம் போல இயங்கும் மன்றங்களை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. ஷரீஅத் கவுன்சில் ஒன்று வழங்கிய குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) சான்றிதழை 2023இல் ரத்து செய்தது. நிக்காஹ் நடத்தி வைக்கும் காஜி என்ற பதவியே நீதி அதிகாரம் எதையும் தராது என்பது 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்திலேயே உள்ளது. திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டப்படி நீதிமன்ற ஆணை வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே முத்திரை பதித்த ஒரு சான்றிதழை மட்டும் நம்பி மறுமணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய் உங்கள் நிலையை உறுதிசெய்துகொண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

பேச்சுக்கு உட்காரும் முன், எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று பிரித்துக்கொள்வது அவசியம். மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர் தொகை, நகையையும் சீரையும் திருப்பித் தருவது, பிள்ளைகளின் செலவு, அண்ணன் தம்பிக்குள் பாகம், கடன் பாக்கி ஆகியவற்றைத் தாராளமாகப் பேசி முடிக்கலாம். குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தைப் பேசித் தீர்க்கும் உரிமை எந்தப் பெரியவருக்கும் கிடையாது. தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம்.

ஒப்பந்தம் எழுதும் இடத்தில்தான் பெரும்பாலான சமரசங்கள் கெடுகின்றன என்பது என் கருத்து. "பெண் வீட்டார் நகையைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஜமாத் லெட்டர்பேடில் ஒரே வரி எழுதி, கீழே நான்கு கையெழுத்தும் ஒரு ரப்பர் முத்திரையும் வைத்தால், ஆறு மாதம் கழித்து எந்த நகை என்ற கேள்வியிலேயே சண்டை மறுபடியும் தொடங்கும். ஆரம், வளையல், தோடு என்று ஒவ்வொன்றையும் எடையோடு எழுதுங்கள். யார், எந்த நாளில், யார் முன்னிலையில் ஒப்படைப்பது என்பதையும் சேருங்கள். தவணைக்கு "தை அறுவடைக்குப் பின்" என்று எழுதும் பழக்கம் நம் காவிரி டெல்டாப் பக்கத்தில் உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காமல் தள்ளிப்போனால் நடவும் அறுவடையும் சேர்ந்தே தள்ளிப்போகும் என்பதால், ஆங்கிலத் தேதியைத்தான் குறிக்க வேண்டும். நஞ்சையோ மனையோ கை மாறுவதாக இருந்தால் முத்திரைத்தாளில் எழுதிய முச்சலிக்காவை (ஒப்பந்தச் சீட்டை) வைத்துப் பட்டா மாறாது. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கணவர் சபுரில் (வெளிநாட்டு வேலையில்) இருந்தால் வாட்ஸ்அப்பில் அவர் சொன்ன சம்மதம் போதாது. இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் மட்டும், யார் கேட்டாலும், கையெழுத்திடாதீர்கள்.

பணம், நகை தொடர்பான உடன்பாட்டை எடுத்துக்கொண்டு இரு தரப்பும் உங்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுங்கள். வழக்குத் தொடுக்காத நிலையிலேயே லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி அங்கே பிறப்பிக்கப்படும் ஆணை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன் மீது மேல்முறையீடு கிடையாது. எதிர்த் தரப்பு தவறினால் நிறைவேற்றுமனு போடலாம். விவாகரத்தை மட்டும் அங்கே முடிக்க முடியாது. பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தவர்க்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

கோயில் மரியாதை வேறு வகை. வழக்கப்படி யாருக்கு எந்த மரியாதை உரியது என்ற தகராறைத் தீர்க்கும் அதிகாரத்தை, 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு துறையின் இணை ஆணையரிடம் கொடுத்திருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் ஒத்துப்போனால் நல்லது. இல்லையெனில் தேருக்கு முதல் நாள் வட்டாட்சியரிடம் ஓடாமல் மாதக்கணக்கில் முன்பே இணை ஆணையரிடம் மனுச் செய்ய வேண்டும்.

சமரசத்துக்கு இணங்காதவர் மீது அபராதம் போடுவதும், ஊர்விலக்கு வைப்பதும், மையத்தாங்கொல்லையிலோ (முஸ்லிம் அடக்கத்தலம்) கல்லறைத் தோட்டத்திலோ இடம் தர மாட்டோம் என்று மிரட்டுவதும் கட்டப் பஞ்சாயத்தே. அது முழுக்கச் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். மிரட்டியவர் பெயர், நாள், சொன்ன சொற்கள் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ஏற்புச் சான்று வாங்குங்கள். அசையவில்லையெனில் அதன் நகலோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால், தஞ்சாவூர் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்கும் போக வேண்டும்.