ஒரே சின்னத்து ஃப்ளாப்பில் போக்கர் தொடர்பந்தயம்: என் அனுபவம்

கையில் இரு சீட்டுகளோடு ஆடும் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில், ஃப்ளாப்பின் (மேசையில் முதலில் திறக்கும் பொதுச்சீட்டுகள்) மூன்று சீட்டுகளும் ஒரே சின்னமாக வருவது ஏறத்தாழ 5.2 சதவீதம்தான், ஆயினும் என் இழப்பின் பெரும்பகுதி அங்கேயே குவிந்திருந்தது. ஃப்ளாப்புக்கு முன் பந்தயத்தை உயர்த்திய நான், வழக்கம்போல் பாட் தொகையில் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) முக்கால் பங்கைத் தொடர்பந்தயமாக, அதாவது ஃப்ளாப்பிலும் தொடரும் பந்தயமாக, வைத்தேன்.

முதலில் பந்தயத்தைப் பெரிதாக்கினேன். பலவீனமான கைகள் விலக, என்னை வெல்லும் கைகளே எஞ்சின. பிறகு பந்தயமே வைக்காமல் செக் செய்து பார்த்தேன். எதிராளிகள் அடுத்த சீட்டைச் செலவின்றிப் பெற்றார்கள்.

பல நாள் ஆட்டப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. ஹார்ட்டின் கிங், எட்டு, மூன்று விழுந்த ஃப்ளாப்பில் ஏஸ் ஜோடியின் ஆறு சேர்க்கைகளையும் நான் ஒரே கையாகக் கருதியிருந்தேன். அவற்றுள் மூன்றில் மட்டுமே ஹார்ட்டின் ஏஸ் உண்டு. அது என்னிடம் இருந்தால், எதிராளியின் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள்) சேர்க்கைகள் 45இலிருந்து 36ஆகக் குறைகின்றன. மிக உயர்ந்த ஃப்ளஷ் அவரிடம் இருக்கவே முடியாது. ரிவருக்குள் (கடைசிப் பொதுச்சீட்டு) எனக்கு ஃப்ளஷ் அமைய ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பும் உண்டு.

எனவே பந்தயத்தைப் பாட் தொகையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். முக்கால் பங்கு பிளஃப் (பலவீனமான கையோடு, எதிராளியை விலகவைக்க வைக்கும் பந்தயம்) நட்டமின்றி முடிய எதிராளி 43 சதவீத முறை விலக வேண்டும். இதற்கு 25 சதவீதமே போதும். அச்சின்னத்தின் உயர்ந்த சீட்டு ஒன்றுள்ள கைகளையே பிளஃபுக்குத் தேர்ந்தெடுத்தேன். அச்சின்னமே இல்லாத ஜோடிகளைப் பெரும்பாலும் செக் செய்தேன். குறிப்பாக எதிராளி எனக்குப் பின் ஆடும்போது இதை விடாமல் கடைப்பிடிக்கிறேன். பணக் கசிவு நின்றது, பெரும் நிம்மதி.