முகாமில் குழந்தையின் கை அளந்து ஊட்டக்குறைவைக் கண்டறியும் முறை

தெற்கு சூடான், சோமாலியா போன்ற நாடுகளில், எடைக்கருவியைத் தூக்கிச் செல்ல இயலாத இடத்திலும் மருத்துவ உதவிக் குழுக்களுக்குக் கைகொடுப்பது ஒரு மெல்லிய நாடா. 6 முதல் 59 மாத வயதுள்ள குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவை அதைக் கொண்டே அளக்கிறார்கள்.

குழந்தையைத் தாயின் மடியிலேயே இருக்க விடுங்கள். அழும் குழந்தை கையை விறைத்துக்கொள்ளும், அளவும் பிசகும். இடது கையை முழங்கையில் செங்கோணமாக மடக்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே பேனாவால் புள்ளி வைத்தபின், கையைத் தளரத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியின்மேல் நாடாவைச் சுற்ற வேண்டும். நாடா தோலில் படிய வேண்டும், சதையைப் பிதுக்கக் கூடாது. புதியவர்கள் இழுத்து இறுக்கிவிடுவதுண்டு. அளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டக்குறைவு. 115 முதல் 125-க்குக் கீழ் வரை மஞ்சள், அதாவது மிதமான ஊட்டக்குறைவு. 125-ம் அதற்கு மேலும் பச்சை, அதாவது இயல்பு.

நாடாவோடு நிறுத்திவிடாதீர்கள். இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், நாடா பச்சை காட்டினாலும் அது கடும் ஊட்டக்குறைவே. ஆர்வமாகச் சாப்பிடும், வேறு நோய்ச் சிக்கல் இல்லாத குழந்தையை, 92 கிராம் நிலக்கடலைப் பசைப் பொட்டலங்கள் கொடுத்து வீட்டிலேயே தேற்றலாம். உண்ண மறுத்துத் துவண்டு கிடக்கும் குழந்தையை உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்.